மென்பொருள் பணிக்கு நாள் குறித்தல்

அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் 1993 அக்டோபரில் திறக்கப்படுவதாக இருந்தது. பயணிகளின் பெட்டிகளைப் பிரித்தனுப்பும் கணிப்பொறி ஏற்பாட்டுக்கு 1992-ல்தான் ஒப்பந்தமாயிற்று. பணி நடக்கையிலேயே விமானக் கம்பெனிகள் புதுத் தேவைகளைக் கூறின. திறப்பு மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், 1995 பிப்ரவரியில் நிகழ்ந்தது. 2005-ல் அவ்வேற்பாடே கைவிடப்பட்டது.

பொறியாளரை மட்டும் குறைகூறல் நேர்மையன்று. மென்பொருள் யாது செய்தல் வேண்டும் என்பதை எழுத்தில் வரையறுக்குமுன் நாள் குறித்தோரே முதற்பொறுப்பாளர் என்பது எம் கருத்து.

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் இன்று கைப்பேசிச் செயலிகள் அளிக்கப்படுகின்றன. சிற்றூரில் அலைத்தொடர்பு அறுந்தால் பாதியில் நின்ற பதிவு என்னாகும்? இதனை அறிந்தோர் நீங்களே. தலைநகரில் அமர்ந்து தேவைப் பட்டியல் எழுதுவோர்க்கு இது தோன்றுவதில்லை. ஆதலின், அப்பட்டியல் எழுதும்போதே உங்களை அழைத்துக் கேட்டல் வேண்டும். சோதனைக்கும் திருத்தத்திற்கும் தனியே மாதங்கள் ஒதுக்கிய பின்னரே கெடு குறித்தல் தகும்.