தோள் கொடுத்தோர்க்குத் துணை

தடுப்பூசி இடப்படுவது ஒருவரின் தோளில். அதனால் காக்கப்படுவதோ ஊர் முழுவதும். தசையில் இறங்க வேண்டிய ஊசி சற்றே மேலேறி மூட்டருகே பாய்ந்தால், கையை உயர்த்தவும் இயலாத வலி மாதக்கணக்கில் வருத்தும். அரிதாக நேரும் இத்துன்பத்தை அமெரிக்க அரசு 2017இல் இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது. 48 மணி நேரத்திற்குள் வலி தொடங்கி, ஆறு மாதங்களுக்கு மேல் பாதிப்பு நீடித்தால், எவர் பிழை என்று மெய்ப்பிக்காமலே இழப்பீடு கோரலாம். திட்டத்திற்குட்பட்ட தடுப்பூசிகள் மீது, தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் விதிக்கப்படும் வரியே இதற்கான நிதி.

இத்தகைய சட்டம் தடுப்பூசியின்மீது ஐயத்தை வளர்க்கும் என்பர் சிலர். நேர்ந்த தீங்கை மறைப்பதே ஐயத்தை வளர்க்கும். ஒப்புக்கொண்டு ஈடுசெய்வது நம்பிக்கையை வளர்க்கும். பொதுநலனுக்காகத் தோள் கொடுத்தவரின் வலியில் சமூகமும் பங்கேற்பதே அறம்.