உறைபனிப் பாதையில் ஹைபிரிட் கார்



டில்லியில் வாழும் நம் குடும்பங்களில் சில, கிறிஸ்துமஸ் விடுமுறையில் காரிலேயே மணாலிக்குச் செல்கின்றன. 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், குளிர்காலத்திலும் லாஹௌல் வரை செல்ல வழி உண்டாயிற்று. பெட்ரோலாலும் பேட்டரியாலும் ஓடும் ஹைபிரிட் கார் வைத்திருப்போர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம்.

கடுங்குளிரில் பேட்டரியின் ஆற்றல் குறையும். காருக்குள் வெப்பம் தர எஞ்சினும் அடிக்கடி இயங்கும். 25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜ், மைனஸ் 7 டிகிரியில் நகருக்குள் ஓட்டும்போது ஏறத்தாழ 30 சதவீதம் குறையக்கூடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஆகவே பழுதென்று கலங்காமல், பெட்ரோலை நிறைத்துக்கொண்டு மலையேறுங்கள்.

வெயில் படாத வளைவுகளிலும் பாலங்களிலும் கண்ணுக்குப் புலப்படாத உறைபனி படிந்திருக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், பேட்டரியில் மின்சாரம் சேர்ப்பதற்காக ஹைபிரிட் கார் சக்கரங்களைச் சற்றே இழுத்துப் பிடிக்கும். வழுக்கும் தரையில் அதுவும் ஆபத்தே. வளைவுக்கு முன்னதாகவே வேகத்தைக் குறையுங்கள். காலை மெதுவாக எடுங்கள். திடீரென்று பிரேக் போடாதீர்கள்.

"ஜெபித்துத்தானே புறப்பட்டோம்" என்று விரைவது விசுவாசமன்று. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் தூண்டியபோது நம் ஆண்டவர் மறுத்தார் அல்லவா? காவலர் பாதையை மூடினால் கீழ்ப்படிந்து திரும்புங்கள். பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளைக் கர்த்தர் உங்கள் கைகளில் அன்றோ ஒப்புவித்திருக்கிறார்!