வெளியிலிருந்து ஆதரவாம், வெளியிலிருந்து!

மக்களே, கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதினால் தோழர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. இடதுசாரிகள் தேய்ந்ததற்கு அணு ஒப்பந்தம், அமெரிக்கா, ஊடகம் என்று ஆளாளுக்கு ஜல்லியடித்துக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தில்லியில் கதவு இரண்டு முறை திறந்தது. இரண்டு முறையும் உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நின்றது சாட்சாத் மார்க்சிஸ்ட் கட்சியேதான்.

முதல் தடவை 1996. நான் அப்போது பி.காம். முதல் வருஷம். ஐக்கிய முன்னணியில் ஜோதிபாசுவைப் பிரதமராக்கலாம் என்றார்கள். கலைஞரும் மூப்பனாரும் அந்த அணியில்தான் இருந்தார்கள். கட்சியின் மத்தியக் குழு வேண்டாம் என்றது, தேவகவுடா வந்தார். அதே அரசில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சேர்ந்து இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சரே ஆனார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதை 'வரலாற்றுப் பிழை' என்று பாசுவே பிறகு சொன்னார். கட்சிக்குள் இருந்துகொண்டே அப்படிப் போட்டு உடைத்த பெரியவருக்கு ஒரு சல்யூட்.

கையில் 32 எம்.பி.தான், காங்கிரஸ் எப்போது வேண்டுமானாலும் காலை வாரும் என்பது அவர்கள் தரப்பு. காங்கிரஸ் வாரியது உண்மைதான், 1997ல் இரண்டு முறை. ஒப்புக்கொள்கிறேன். அப்போ 2004க்கு என்ன சாக்கு? 2000ல் திருவனந்தபுரத்தில் கட்சித் திட்டத்தையே திருத்தி, மத்திய அரசில் பங்கேற்கலாம் என்று எழுதிவைத்தாயிற்று. மார்க்சிஸ்ட் கட்சிக்கு மட்டும் 43 இடம். இடதுசாரிகள் கைவிட்டால் மன்மோகன் சிங் அரசு அமையவே முடியாது. ஆனாலும் வாங்கிக்கொண்டது சோம்நாத் சாட்டர்ஜிக்கு சபாநாயகர் நாற்காலி மட்டும். (அவரையும் 2008ல் கட்சியை விட்டு நீக்கியது தனிக்கதை.)

நம்ம ஊர் தி.மு.க. 16 எம்.பி.யோடு போய் நெடுஞ்சாலையும் தொலைத்தொடர்பும் வாங்கி வந்தது, தமிழுக்குச் செம்மொழித் தகுதியும் அதே வருஷம் வந்தது. (அலைக்கற்றை விவகாரத்தை நினைவுபடுத்தாதீர்கள், எனக்கும் தெரியும்.) இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. 2004 கடைசியில் தொழிலாளர் துறை யாருக்குப் போனது தெரியுமா? ஐந்தே எம்.பி. வைத்திருந்த தெலங்கானா ராஷ்டிர சமிதியின் சந்திரசேகர ராவுக்கு! மே தினத்துக்கு மே தினம் கொடி பிடிக்கும் கட்சி அந்தத் துறையைக் கேட்கக்கூட இல்லை.

பேங்க்காரன் பாஷையில் இதுக்குப் பேர் ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கினவர் பணத்தை என்ன செய்கிறார் என்பதில் ஜாமீன்தாரர் கை வைக்க முடியாது. ஆனால் கடன் வராக்கடன் ஆனால், ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவுப்படி வாங்கினவருக்கு உள்ள அத்தனை பொறுப்பும் அவர் தலையிலும் விழும். இவர்களோ கையெழுத்துப் போட்டதோடு பொறுப்பு முடிந்தது என்று நினைத்தார்கள்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2005 வேலை உறுதிச் சட்டத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பெல் பங்கு விற்பனையை நிறுத்தினார்கள், ஓய்வூதிய மசோதாவைத் தடுத்தார்கள், இன்சூரன்சில் அந்நிய முதலீட்டை 26 சதவீதத்தைத் தாண்ட விடவில்லை. எல்லாம் தடுப்பு வேலை. தடுக்கிறவர் எழுந்து போனதும் என்ன ஆச்சு? ஓய்வூதியச் சட்டம் 2013ல் வந்தது, இன்சூரன்ஸ் 2015ல் 49, 2021ல் 74. அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2008 டிசம்பரில் பல்லில்லாமல் நிறைவேறியது. ஜூலையிலேயே இவர்கள் ஆதரவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அமைச்சராக உட்கார்ந்து அதை எழுதியிருக்க வேண்டியவர்கள், வெளியே நின்று குறை சொன்னார்கள்.

அந்தச் சட்டம் யாருக்கு வேண்டும் என்று பார்க்க நூலகம் போக வேண்டாம். ஷாலிமார் ஸ்டேஷனில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கிளம்பும்போது பொதுப்பெட்டி வரிசையைப் பாருங்கள். நாம் வேலைக்காக இங்கே வந்தோம். வங்காளத்துப் பிள்ளைகள் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் நம்ம ஊருக்குப் போகிறார்கள். 2023 ஜூன் 2 அன்று பாலசோர் பக்கத்தில் அந்த ரயில் கவிழ்ந்தபோது செத்தவர்களில் எத்தனையோ பேர் அப்படிப் போன வங்காளத் தொழிலாளிகள்.

இலங்கையில் அதே 2004ல் ஜே.வி.பி. அரசில் சேர்ந்தது, அநுர குமார திசாநாயக்க விவசாய அமைச்சரானார். அடுத்த வருஷமே சுனாமி நிவாரணத்தைப் புலிகளோடு பகிர எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினார்கள். அதை நம்மால் மறக்க முடியாது. ஆனாலும் நாற்காலியைப் பார்த்து மிரளாத கட்சி அது. 2024ல் அவர் ஜனாதிபதி, அவர் அணிக்கு 225ல் 159 இடம், அதில் யாழ்ப்பாண மாவட்டத்து மூன்றும் அடக்கம்.

இங்கே? 2011ல் 34 வருஷ ஆட்சி போனது. நந்திகிராமும் சிங்கூரும் காரணம் என்பதை மறுக்கவில்லை, தில்லியில் பேசியது ஒன்று இங்கே செய்தது ஒன்று. 2024ல் மார்க்சிஸ்டுக்கு நாடு முழுக்க நாலு எம்.பி. வங்காளத்தில் பூஜ்யம், மதுரையும் திண்டுக்கல்லும் சேர்த்து நம்ம ஊரில் இரண்டு!

சங்கத்து நண்பர்கள் வந்து திட்டுவார்கள். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் 2004ல் தொழிலாளர் துறையை ஏன் கேட்கவில்லை என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.