நல்ல கடலை வியாபாரிக்கு, சொத்தைக் கடலை நமக்கா?

ஐப்பசி பிறந்துவிட்டால் கொங்குப் பகுதியின் தோட்டத்து வீடுகளில் வேலையின் வரிசையே மாறிவிடும். காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து முதலில் வானத்தைப் பார்க்கிறார்கள். கிழக்கே மேகம் திரண்டிருந்தால் சாணம் தெளிப்பதுகூட அப்புறம்தான். களத்தில் காய்கிற கடலையை மூடத் தார்பாய் எங்கே என்று தேடுவதுதான் முதல் வேலை.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் காலம் என்றார்கள். குளிர்காற்றும் மழையும் சேர்ந்து வரும் காலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் நாமக்கல், ஈரோடு, சேலம் பகுதி மானாவாரிக் காடுகளுக்கு வடகிழக்குப் பருவமழை பெரிய வரம். ஆனால், அந்த வரம் சரியாகக் கடலை பறிக்கும் நேரத்தில் வந்து நிற்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலை ஏறத்தாழ 105 முதல் 110 நாளில் முற்றும். கணக்குப் போட்டால் ஐப்பசி வந்துவிடும்.

மழை பெய்யாவிட்டால் மண் இறுகிச் செடியைப் பிடுங்க முடியாது. காய் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அதிகம் பெய்தால் முற்றிய காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கொடிக்கடலையின் விதைக்கு உறக்க காலம் உண்டு. குத்துக்கடலை ரகங்கள் பலவற்றுக்கு அது கிடையாது. ஈரம் பட்டால் உடனே முளைவிடும். அதனால்தான் ஒரு நாள் வெயிலடித்தாலும் வீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் காட்டில் இருக்கிறார்கள்.

அடுப்பங்கரையிலும் மழை

இந்த நாட்களில் சமையல் எளிமையாகிவிடுகிறது. எல்லாரும் காட்டில் இருக்கும்போது மூன்று பாத்திரம் ஏற்றி இறக்க யாருக்கும் நேரமில்லை. அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கிற அரிசியும் பருப்புஞ்சோறுதான் கைகொடுக்கிறது. மேலே ஒரு கரண்டி நெய். பக்கத்தில் ஊறுகாய் இருந்தால் சரி.

நனைந்துவிட்டு வருகிறவர்களுக்கு ராத்திரியில் கொள்ளு ரசம். கொள்ளை வேகவைத்து, தண்ணீரைத் தனியாக வடித்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். வெந்த கொள்ளைக் கடைந்தால் சோற்றுக்குப் பருப்பாகிவிடும். சளி பிடித்தால் செலவு ரசம். இங்கே ‘செலவு’ என்றால் மல்லி, மிளகு, சீரகம் போன்ற மசாலாச் சாமான்கள்.

விறகடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை, ஈர விறகு. கோடையிலேயே எடுத்துப் பரணில் போட்டுவைத்த கொட்டாங்குச்சியும் பன்னாடையும் இப்போதுதான் வெளியே வரும். கேஸ் அடுப்பு உள்ள வீட்டிலும் வெந்நீருக்கும் கடலை அவிக்கவும் வெளியே மூன்று கல் கூட்டிய அடுப்பு எரியும்.

அந்த அடுப்பில் வேகும் பச்சைக் கடலைதான் இந்தப் பருவத்தின் பெரிய தின்பண்டம். காலையில் பறித்த காயை மண் போக மூன்று நான்கு தடவை அலசி, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கல் உப்புப் போட்டு வேகவைக்கிறார்கள். குக்கரில் என்றால் நான்கைந்து விசில் போதும். முற்றாத பிஞ்சுக் காய்க்கும் இதுதான் சரியான வழி. காய்ந்தால் சுருங்கிக் கழிவாகப் போகிற காய், பறித்த அன்றே அவித்தால் இனிப்பாக இருக்கும்.

கடலை ஆயும் இடத்தில்

பிடுங்கிய செடியிலிருந்து காயைப் பிரித்தெடுப்பதைக் கடலை ஆய்வது என்கிறார்கள். இது பெரும்பாலும் பெண்களின் வேலை. மர நிழலிலோ ஓட்டுச் சார்ப்பிலோ வட்டமாக உட்கார்ந்து ஆய்வார்கள். காய்ந்த பிறகு இன்னொரு சுற்று வேலை இருக்கிறது. பொக்கு தனி, சொத்தை தனி, முளைவிட்டது தனி, கறுத்தது தனி என்று பொறுக்க வேண்டும்.

இந்தப் பொறுக்கல் இவ்வளவு கவனமாக நடப்பதற்குக் காரணம், விலை. வியாபாரி வந்ததும் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி காயை எடுத்து உடைத்துப் பார்ப்பார். பருப்பு எவ்வளவு தேறுகிறது, ஈரம் இருக்கிறதா, நிறம் எப்படி என்பதை வைத்துத்தான் விலை. அதனால் மூட்டைக்குப் போகும் காய் மணி மணியாக இருக்கும்.

கழித்துப் போட்ட குவியல் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பல வீடுகளில் அது வீட்டை விட்டுப் போவதே இல்லை. “உடைச்சு வறுத்தா சட்னிக்கு ஆகும்” என்று ஒரு பங்கு டப்பாவுக்குப் போகும். ஒரு பங்கு செக்குக்குப் போய் எண்ணெயாகத் திரும்பும். பிண்ணாக்கு மாட்டுக்கு. எதையும் வீணாக்கக் கூடாது என்ற நல்ல குணம்தான் இதற்குக் காரணம். ஆனால், பூஞ்சணம் பிடித்த கடலையைப் பொறுத்தவரை இந்தச் சிக்கனம் ஆபத்தானது.

வான்கோழிகள் காட்டிக்கொடுத்த நஞ்சு

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் அடுத்தடுத்துச் செத்தன. என்ன நோய் என்று தெரியாமல் திகைத்தார்கள். கடைசியில் காரணம் தீவனத்தில் இருந்தது. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ‘ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்’ என்ற பூஞ்சணம் ஒரு நஞ்சை உண்டாக்கியிருந்தது. அந்தப் பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கு ‘அஃப்ளடாக்சின்’ என்று பெயர் வைத்தார்கள்.

மனிதர்களும் தப்பவில்லை. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் அறுவடை நேரத்து மழையில் மக்காச்சோளம் நனைந்தது. சரியாகக் காயாத, பூஞ்சணம் பிடித்த அந்தச் சோளத்தையே ஏழைக் குடும்பங்கள் சாப்பிட்டன. மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் வந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கென்யாவில் 2004-ல் இதேபோல மக்காச்சோளத்தால் 125 பேர் உயிரிழந்தார்கள்.

நம் வீட்டுக் கடலையில் அந்த அளவுக்கு நஞ்சு சேர்வது அரிது. ஆனால், கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உள்ளே போவதும் கெடுதிதான். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, அஃப்ளடாக்சினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முக்கியமாகப் பாதிக்கப்படுவது கல்லீரல். ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இந்தப் பூஞ்சணம் மண்ணிலேயே இருக்கிறது. கடலையும் மண்ணுக்குள் விளைகிறது. காய் முற்றும் கட்டத்தில் வறட்சி வந்தால் செடியிலேயே தொற்றும். பறித்த பிறகு ஈரத்தோடு குவித்துவைத்தால் வேகமாகப் பரவும்.

வறுத்தாலும் போகாது

“நல்லா வறுத்துட்டா ஒண்ணும் ஆகாது” என்ற நம்பிக்கைதான் இங்கே பெரிய சிக்கல். பூஞ்சணம் சூட்டில் செத்துவிடும். அது விட்டுச்சென்ற நஞ்சு சாதாரண சமையல் சூட்டுக்கு முழுதாக அழியாது. அதற்கென்று தனி ருசியோ வாசமோ கிடையாது. சட்னியில் மிளகாயும் புளியும் சேர்ந்துவிட்டால் சொத்தைக் கடலையின் கசப்புகூடத் தெரியாமல் போய்விடும்.

செக்கில் ஆட்டினால் நஞ்சின் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கும். ஒரு பங்கு எண்ணெயோடு வரும். ஆலைகளில் சுத்திகரிக்கும்போது நீங்கிவிடும் அந்தப் பங்கு, செக்கு எண்ணெயில் அப்படியே இருக்கும். செக்கு எண்ணெய் நல்லதா என்று கேட்பவர்கள், செக்குக்குள் போன கடலை நல்லதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

பிண்ணாக்கு மாட்டுக்குப் போனால் கதை முடிந்ததா என்றால், இல்லை. மாட்டின் உடம்பில் இந்த நஞ்சு கொஞ்சம் உருமாறிப் பாலில் வரும். பாலைக் காய்ச்சுவதால் அது போகாது. வீட்டில் அதிகம் பால் குடிப்பது குழந்தைகள்தான். ஆக, களத்தில் கழித்த கடலை சுற்றிச் சுற்றி வீட்டில் இருக்கும் சின்ன பிள்ளையின் டம்ளருக்கே வந்து சேர்கிறது.

செலவில்லாத மருந்து

நல்ல செய்தி, இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு குவியலில் நஞ்சு எல்லாக் கடலையிலும் சமமாக இருப்பதில்லை. பெரும்பாலும் கறுத்த, சுருங்கிய, பூச்சி அரித்த, பூஞ்சணம் படிந்த சில பருப்புகளில்தான் குவிந்திருக்கிறது. அவற்றைக் கையால் பொறுக்கிப் போட்டாலே ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். சந்தைக்காகப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவரும் அதே வேலைதான்.

காயவைப்பதில் சில விஷயங்கள்:

* காயை வெறும் மண்ணில் கொட்டாமல் தார்பாயிலோ சிமென்ட் களத்திலோ மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும்.
* மழைக்கு மூடிய தார்பாயை மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும். உள்ளே புழுங்கினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.
* காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். அதற்கு முன் மூட்டை கட்டக் கூடாது.
* காற்றுப் புகும் சணல் சாக்கில் கட்டி, சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.
* மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கொடியை மாட்டுக்குப் போடக் கூடாது.
* பூஞ்சணம் பிடித்த கடலையை எரித்துவிடலாம். கோழிக்கும் போட வேண்டாம்.

நகரத்தில் கடையில் வாங்குபவர்களுக்கும் இதே பாடம்தான். மழைக்காலத்தில் கிலோ கணக்கில் வாங்கி அடுக்காமல் கொஞ்சமாக வாங்குங்கள். வறுக்கும் முன் தட்டில் பரப்பி ஒரு பார்வை பாருங்கள். வாயில் போட்டது கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

இந்த வாரச் சமையல்: பச்சைக் கடலைக் குழம்பு

பறித்த ஈரம் காயாத கடலையில் செய்வது. நான்கு பேருக்குப் போதும்.

தேவையானவை: உரித்த பச்சைக் கடலை 1 கப், கத்திரிக்காய் 4, சின்ன வெங்காயம் 15, பூண்டு 6 பல், தக்காளி 2, புளி நெல்லிக்காய் அளவு, மல்லி 2 டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் 5, சீரகம் 1 டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், தேங்காய்த் துருவல் 3 டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள், உப்பு, கடுகு, கறிவேப்பிலை, கடலை எண்ணெய்.

செய்முறை: கடலையை உப்புப் போட்டு வேகவைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் எண்ணெயில் மல்லி, மிளகாய், சீரகம், மிளகை வறுத்து, பாதி வெங்காயத்தையும் வதக்கி, தேங்காயோடு சேர்த்து நைசாக அரையுங்கள். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மீதி வெங்காயம், பூண்டு, தக்காளி, கத்திரிக்காயை வதக்குங்கள். புளிக்கரைசல், மஞ்சள்தூள், உப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கத்திரிக்காய் பாதி வெந்ததும் கடலையையும் அரைத்த விழுதையும் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை சிறு தீயில் வையுங்கள். சுடுசோற்றுக்கும் ராகிக் களிக்கும் பொருத்தமாக இருக்கும்.

விதைக்கு எடுப்பதுபோல வீட்டுக்கும்

ஒரு விஷயத்தில் தோட்டத்து வீடுகளில் யாரும் சமரசம் செய்துகொள்வதில்லை. அது விதைக்கடலை. முற்றிய, திரண்ட, கீறல் இல்லாத காயாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கித் தனியாக எடுத்துவைப்பார்கள். என்ன விலை கொடுத்தாலும் அதை விற்க மாட்டார்கள். அடுத்த ஆடிக்கு அதுதான் காடு.

அதே முறத்தில், அதே கையால் வீட்டுக்கும் ஒரு பங்கை முதலிலேயே பொறுக்கி எடுத்துவிடலாம். ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் சட்னிக்கும் எண்ணெய்க்கும் எடுத்துக்கொள்வது மொத்த மகசூலில் சிறு பங்குதான். அந்தப் பங்கு நல்ல காயாக இருந்தால் விலையில் குறைவது சில படிக் கணக்கு.

மாமியாரும் மருமகளும் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் வீடுகளில் இனி கேட்க வேண்டிய பேச்சு இதுதான்.

“அத்தை, இந்தக் கறுத்ததைச் செக்குக்குப் போடுற சாக்குல கொட்டிரட்டுங்களா?”

“வேண்டாங்கண்ணு, அடுப்புல போட்டுரு. வெதைக்கும் வீட்டுக்கும் மொதல்ல நல்லதா எடுத்து வை. மிச்சம் இருக்கறதை யாவாரி வந்து அளந்துக்கட்டும்.”