பிறந்த மண்ணும் வரிசையின் இடமும்

"இம்மாதம் திகதி நகர்ந்ததா?"

வத்தளையில் எம் அயலில் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாதந்தோறும் தொலைபேசியிற் கேட்கும் கேள்வி இது. கேட்பது சென்னையிலுள்ள தம் சம்பந்தியிடம். ஆசிரியரின் மகன் கொட்டாஞ்சேனையிற் பிறந்தவர். மருமகள் சென்னையிற் பிறந்தவர். இருவரும் அமெரிக்காவிற் பொறியியலாளர். சட்டம் கணவனின் பிறந்த நாட்டை மனைவிக்கும் பொருந்தவிட்டதால், அவ்வம்மையார் இந்தியருக்கான நெடுவரிசையை விட்டு இலங்கையர் நிற்கும் குறுவரிசைக்கு வந்து, அவ்விருவருக்கும் பச்சை அட்டை கிடைத்துவிட்டது. அவருடைய தமையனோ இன்னும் காத்திருக்கிறார். திகதி பற்றிய கேள்வி அவர் பொருட்டே.

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தொழில்வழி நிரந்தர வதிவுக்கென ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 140,000 இடங்களை வகுத்தது. மனைவி மக்களும் இத்தொகைக்குள்ளேயே எண்ணப்படுவர். பிறநாட்டார் கொள்ளாது விட்ட எச்சம் இருந்தாலன்றி, எந்த ஒரு நாட்டிற் பிறந்தாரும் நூற்றுக்கு ஏழுக்கு மேற் பெறலாகாது. இந்தியாவுக்கும் ஏழு, இலங்கைக்கும் ஏழு, மாலைதீவுக்கும் ஏழு! பெரும்பாலும் வேலை கொடுப்போர் தொழிற்றிணைக்களத்தில் முதல் மனுவைப் பதிந்த நாளே ஒருவரின் முன்னுரிமைத் திகதியாகிறது. அத்திகதி எப்போது செல்லுபடியாகும் என்பதை இராசாங்கத் திணைக்களம் மாதந்தோறும் அறிக்கையாக வெளியிடும். அது முன்னோக்கியே நகரும் என்று எண்ணுதலும் தவறு. 2022 செப்டெம்பரில் இந்தியாவிற் பிறந்தோரின் இரண்டாம் பிரிவுக்கு 2014 டிசம்பர் என்றிருந்த எல்லை, அடுத்த மாதமே 2012 ஏப்ரிலுக்குப் பின்வாங்கிற்று. ஓரிரவில் இரண்டரை ஆண்டுகள் பறிபோயின.

இவ்விதியை வகுத்தவர்களிடம் தீய எண்ணம் இருந்ததென்று நாம் கூறவில்லை. 1924ஆம் ஆண்டின் சட்டம் வடமேற்கு ஐரோப்பியருக்கே வாயிலை அகலத் திறந்து ஆசியரைப் புறந்தள்ளியது. அவ்வநீதியை ஒழிக்கவே 1965இல் கிழக்கு அரைக்கோளத்தின் எல்லா நாடுகளுக்கும் ஒரே உச்சவரம்பு என்ற ஏற்பாடு வந்தது. ஆயினும் நாடுகளைச் சமமாக நடத்துதல் ஒன்று. மனிதரைச் சமமாக நடத்துதல் மற்றொன்று. ஒரே அலுவலகத்தில் ஒரே வேலையை ஒரே நாளில் ஏற்ற இருவருள், ஒருவர் சில ஆண்டுகளிலும் மற்றவர் பத்தாண்டு கழிந்தும் உரிமை பெறாது நிற்பதற்கும், அவர்தம் தாய்மார் நோவுகண்ட ஊர் வேறு என்பதைத் தவிரக் காரணம் இல்லை.

இங்கு நோக்கப்படுவது பிறந்த நாடேயன்றிக் குடியுரிமை அன்று. இதன் விசித்திரம் எம்மவருக்கே நன்கு விளங்கும். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பத்தாண்டு தொங்கவிட்டுப் பின் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்தன. ஓர் உதாரணத்துக்காக, 1981இல் ஹற்றனிற் பிறந்து, 1983இல் தாய்தந்தையரோடு தலைமன்னாரிற் கப்பலேறிய பிள்ளையொன்றை எண்ணிப் பாருங்கள். அப்பிள்ளையின் தம்பி 1985இற் கூடலூரிற் பிறக்கிறான். இருவரும் இந்தியப் பிரசைகளே. ஒரே வீட்டில் வளர்ந்தோரே. அமெரிக்காவில் ஒரே நாளில் விண்ணப்பித்தால் அண்ணன் இலங்கையர் வரிசையில் விரைந்து முன்செல்வான். தம்பி இந்தியர் வரிசையில் நரைகாண்பான்.

இதனிலும் கசப்பான முரண் ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டு இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தின் முன் அந்தப் பிள்ளையின் பாட்டன் நின்றபோது, இம்மண்ணிற் பிறந்தமை மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றார்கள். சான்று காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர். எஞ்சியோரின் காத்திருப்பு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. எந்தப் பிறப்பை இலங்கை செல்லாக்காசு என்றதோ, அதே பிறப்பை அமெரிக்கா பொற்காசாக ஏற்கிறது. பாட்டனை வீழ்த்திய மண் பேரனைத் தூக்கிவிடுகிறது!

நாட்டுவாரி உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையிற் பிரதிநிதிகள் சபையிலும், வேறொரு வடிவில் 2020 டிசம்பரிற் செனற்றிலும் நிறைவேறியும், இரண்டும் இணங்காமையால் மாண்டது. அது மீண்டும் எழுந்து சட்டமானால் இலங்கையிற் பிறந்தோருக்கு நட்டமே. எம் பிள்ளைகள் இன்று நிற்பதிலும் நீண்ட வரிசையில் நிற்க நேரும். இதனை மறைத்து நியாயம் பேசுதல் நேர்மையாகாது. அறிந்தே கூறுகிறோம்: அவ்வரம்பு நீங்கவேண்டும். முந்தி வந்தவருக்கு முந்தி என்பதே வரிசைக்கு அழகு. எமக்கு வாய்த்தது தகுதியால் வந்ததன்று.

காலதாமதத்தின் கொடுமை பெற்றோரோடு நிற்பதுமில்லை. பெற்றோரின் விண்ணப்பத்தில் அடங்கும் பிள்ளை, இருபத்தொரு வயது நிறையும்போது பிள்ளை என்ற நிலையை இழக்கிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் வயதிலிருந்து சில மாதங்களைக் கழிக்க இடந்தரினும், காத்திருந்த ஆண்டுகளைக் கழிப்பதில்லை. இரண்டு வயதிற் போய் அங்கேயே கல்வி கற்று வளர்ந்தவன், மாணவர் விசாவோ வேறு வழியோ தேடவேண்டும். இன்றேல் தான் அறியாத தாய்நாட்டுக்குத் திரும்பவேண்டும்.

ஆசிரியரின் மருமகளுடைய தமையனுக்கு மூத்தவன் ஒரு பையன். வருகிற ஆவணியில் அவனுக்கு இருபது முடிகிறது. சம்பந்தி வீட்டில் இப்போது திகதியைப் பற்றி எவரும் தாமாகப் பேசுவதில்லையாம், ஆசிரியர்தான் கேட்கிறார்.