லைனில யார் பிழை?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடந்த சூப்பர் போல் இறுதிப் போட்டியில் கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் அணி பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியிடம் 40–22 என்று தோற்றது. எங்களுக்கு அது திங்கட்கிழமை விடியக்காலை. மூன்றாவது கால்பகுதியில் ஒரு கட்டத்தில் 34–0. சீஃப்ஸின் நட்சத்திர குவாட்டர்பக் பட்ரிக் மஹோம்ஸ் ஆறு தரம் பந்தோடு நிலத்தில் வீழ்த்தப்பட்டார். ஆட்டம் முடிய முதலே ரசிகர்களின் விசாரணை தொடங்கிவிட்டது: லைனில யார் பிழை?

இந்தக் கேள்வியே பிழை என்பதுதான் எங்கட நிலைப்பாடு.

அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்காத ஆக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இது நாங்கள் விளையாடுற உதைபந்தாட்டம் இல்லை. பந்து வைத்திருக்கிற அணியின் முன்வரிசையில் ஐந்து பெரிய உடம்புக்காரர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்ட், ஓரங்களில் டக்கிள். இதுதான் ஒஃபென்சிவ் லைன். பந்தைப் பின்னுக்குக் கொடுப்பது சென்டர். அதற்குப் பிறகு இந்த ஐந்து பேருக்கும் பந்தோடு அநேகமாக ஒரு தொடர்பும் இல்லை. பாய்ந்து வருகிற எதிரணியைத் தடுத்து, எறிகிறவருக்கு இரண்டரை, மூன்று வினாடி வாங்கிக் கொடுக்க வேண்டும். ஓடுகிறவருக்கு வழி திறந்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அது நடக்காவிட்டால் வேறொன்றும் நடக்காது.

முதல் சிக்கல் எண்களில் இருக்கிறது. குவாட்டர்பக்கை வீழ்த்துவதை 'சாக்' என்பார்கள். 1982 இலிருந்து அது வீழ்த்தியவரின் பெயரில் உத்தியோகபூர்வமாகப் பதிவாகிறது. யார் விட்டதால் அவர் உள்ளே வந்தார் என்பதற்கு லீக்கின் புள்ளிவிபரத்தில் இடமில்லை. அந்த வெற்றிடத்தை ரசிகர்கள் தாங்களாகவே நிரப்புகிறார்கள். வீடியோவை நிற்பாட்டி, ஒருவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இவன்தான்" எண்டு முடிக்கிறார்கள். ஆனால் கார்டுக்கும் சென்டருக்கும் இடையால் ஒருவன் புகுந்து வந்தால் அவனைப் பிடிப்பது யாருடைய பொறுப்பு? அந்த ஆட்டத்துக்கு முதல் என்ன அழைப்புக் கொடுக்கப்பட்டது என்பதில்தான் அது தங்கியிருக்கிறது. சிலவேளை பின்னால் நிற்கிற ரன்னிங் பக்கின் பொறுப்பாகவும் இருக்கும். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அந்த அழைப்புத் தெரியாது. வட்டம் மட்டும் வடிவாக விழுந்துவிடும்.

சாக் எண்ணிக்கையும் முழுக் கதை சொல்லாது. 2021 பெப்ரவரியில் இதே சீஃப்ஸ் டம்பா பே பக்கனியர்ஸிடம் 31–9 என்று தோற்றபோது மஹோம்ஸ் வீழ்த்தப்பட்டது மூன்று தரம்தான். சாதாரண எண். ஆனால் அன்று அவர் 29 தரம் நெருக்கடிக்குள் தள்ளப்பட்டார், அது சூப்பர் போல் வரலாற்றிலேயே அதிகம் என்று இஎஸ்பிஎன் கணக்குச் சொன்னது. ஆட்டம் முழுக்கப் பின்பக்கமாக ஓடி ஓடியே எறிந்தார். ஒரு டச்டவுனும் இல்லை.

அன்று லைனில் நின்றது யார்? இடது டக்கிள் எரிக் ஃபிஷர் அதற்கு முந்தின ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறியிருந்தார். வலது டக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுக் காயத்தால் இல்லை. கார்ட் லோரன் டுவெர்னே-டார்டிஃப் வைத்தியப் பட்டம் பெற்றவர்; கோவிட் காலத்தில் அந்தப் பருவத்தையே விட்டுவிட்டு கியூபெக்கில் முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வேலை செய்யப் போனார். மிச்சம் இருந்தவர்களை வைத்து ஒரு வரிசையை ஒட்டினார்கள். அதில் வலது டக்கிளாக நின்றவர் அண்ட்ரூ வைலி. தோல்விக்குப் பிறகு அவர் வாங்கின பேச்சுக் கொஞ்சநஞ்சமில்லை.

இரண்டு வருசம் கழித்து, 2023 பெப்ரவரியில், சீஃப்ஸ் மறுபடியும் இறுதிப் போட்டியில். எதிரில் ஈகிள்ஸ், அந்தப் பருவத்தின் வழமையான ஆட்டங்களில் 70 சாக் எடுத்த அணி. அன்று எத்தனை எடுத்தார்கள்? ஒன்றும் இல்லை. 38–35, சீஃப்ஸ் வெற்றி. வலது டக்கிள் யார்? அதே வைலி.

மாறினது என்ன? பக்கத்தில் நின்ற ஆக்கள். ஜோ தூனியை விலை கொடுத்து எடுத்தார்கள். ஓர்லாண்டோ பிறவுணை இன்னொரு அணியிடமிருந்து வாங்கினார்கள். இரண்டாம் சுற்றில் கிரீட் ஹம்ஃப்ரி வந்தார். ஆறாம் சுற்றில் ட்ரே ஸ்மித் வந்தார். கல்லூரிக் காலத்தில் நுரையீரலில் இரத்தக்கட்டி வந்தபடியால் மற்ற அணிகள் எடுக்கப் பயந்த பெடியன். மஹோம்ஸும் பந்தைச் சீக்கிரமாகக் கைவிட்டார். அன்று புல்தரை வழுக்கியது, அதனால்தான் ஈகிள்ஸால் பாய முடியவில்லை என்று ஒரு வாதம் இருக்கிறது. வழுக்கியது உண்மை. ஆனால் வழுக்கல் இரண்டு அணிக்கும் பொது. 70 பூச்சியமாவதற்கு அது மட்டும் காணாது.

இனி 2025 தோல்விக்கு வருவோம். அதில் அதிகம் ஏச்சு வாங்கினவர்களில் தூனியும் ஒருவர். அவர் இடது கார்ட். அந்தப் பருவத்தில் லீக்கின் முதல்தர அணியான ஓல்-ப்ரோவுக்குத் தெரிவானதும் கார்டாகத்தான். ஆனால் சீஃப்ஸுக்கு இடது டக்கிள் இடம் பருவம் முழுக்க ஓட்டையாகவே இருந்தது. கிங்ஸ்லி சுவாமதாயாவை வைத்துப் பார்த்தார்கள், வன்யா மொரிஸை வைத்துப் பார்த்தார்கள், இடையில் கூட்டி வந்த டி. ஜே. ஹம்ஃப்ரீஸும் காயப்பட்டார். கடைசியில் தூனியை அங்கே நகர்த்தினார்கள். ஒரு ஓட்டையை அடைக்க, நல்லாயிருந்த இன்னொரு இடத்தைத் திறந்துவிட்டார்கள். தன் இடத்தில் இல்லாத ஒருவரை அந்த இடத்துக்குரியவரின் அளவுகோலால் அளப்பது என்ன நியாயம்?

அன்று ஈகிள்ஸ் ஒரு தரம்கூட மேலதிக ஆள் அனுப்பித் தாக்கவில்லை. முன்னால் நின்ற நான்கு பேரோடேயே காரியத்தை முடித்தார்கள். "ஐந்து பேரால நாலு பேரைத் தடுக்க ஏலாதா?" என்று கேட்பது சுலபம். ஆனால் நான்கு பேர் வந்தால் மற்ற ஏழு பேரும் பின்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தம். எறிவதற்கு ஆள் கிடைக்காமல் மஹோம்ஸ் பந்தை வைத்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு வினாடியும் லைனின் கணக்கில்தான் ஏறியது. மூன்று வினாடிக்குத் தடுக்கிறவனிடம் ஐந்து வினாடி கேட்டால் யாரும் விழத்தான் செய்வார்கள். ஆறு சாக்கிலும் லைனுக்குப் பங்கு இருக்கிறது. பந்தைப் பிடிக்க ஓடியவர்களுக்கும் இருக்கிறது, மஹோம்ஸுக்கும் இருக்கிறது, இடது டக்கிள் இடத்தை நிரப்பாமல் பருவத்தைத் தொடங்கிய நிர்வாகத்துக்கும் இருக்கிறது. அடுத்த சில மாதங்களில் நிர்வாகம் தூனியைச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு, முதல் சுற்றில் ஜோஷ் சிமன்ஸ் என்ற இடது டக்கிளை எடுத்தது. உண்மையான ஓட்டை எதுவென்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

பழி இப்படிப் போனால், புகழ் எப்படிப் போகிறது? சேகுவான் பார்க்லி 2023இல் நியூயோர்க் ஜயன்ட்ஸுக்காக ஓடியது 962 யார். அடுத்த வருசம் ஈகிள்ஸுக்குப் போய் 2,005 யார். கால் அதே கால்தான். அவருக்கு முன்னால் வழி திறந்தவர்களில் ஒருவர் ஜோர்டன் மைலாட்டா, அவுஸ்திரேலியாவில் ரக்பி விளையாடிக்கொண்டிருந்தவர். 2018இல் ஈகிள்ஸ் ஏழாம் சுற்றில் எடுக்கும் வரைக்கும் இந்த விளையாட்டில் ஒரு ஆட்டமும் ஆடினதில்லை. 2,005 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அவருடைய பெயரில்லை. லைன் தோற்றால் பெயர் சொல்லித் திட்டு, வென்றால் பெயரே இல்லை.

இதற்காக லைன்காரரை விமர்சிக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஜவான் டெய்லர் 2023 பருவத்தில் லீக்கிலேயே அதிகம் தண்டனை வாங்கியவர். நேரத்துக்கு முதல் அசைந்தால் அது அவருடைய பிழை, வேறு யாருடையதும் இல்லை. தனி ஆளின் பிழையைத் தனி ஆளின் பெயரில் எழுதலாம். ஆனால் பெயர் எழுத முதல் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அவர் தன் சொந்த இடத்தில் நின்றாரா? எதிரில் எத்தனை பேர் வந்தார்கள்? பந்து எத்தனை வினாடி கையில் இருந்தது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் போடுகிற வட்டம் விமர்சனம் இல்லை, வெறும் கோபம்.

2024 பெப்ரவரி இறுதிப் போட்டியில் தூனி காயத்தால் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக வந்த நிக் அலெக்ரெட்டிக்கு ஆட்டத்துக்கு இடையில் முழங்கைத் தசைநார் கிழிந்தது. அவர் வெளியேறவில்லை. மேலதிக நேரம் வரைக்கும் போன அந்த ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் போனார். சீஃப்ஸ் 25–22 என்று வென்றது. அந்த வெற்றியைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிற எத்தனை பேருக்கு இந்தப் பெயர் ஞாபகம் வரும்?

பந்து போகிற பக்கம்தான் கமராவும் போகும், எங்கட கண்ணும் போகும். அதை முழுக்க மாற்ற ஏலாது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் ஒரு கால்பகுதிக்கு மட்டும், பந்து பின்னுக்குப் போனவுடன் முதல் மூன்று வினாடிக்கு, இடது டக்கிளைப் பாருங்கள். அவருடைய கால் எங்கே போகிறது, கை எங்கே பிடிக்கிறது, பக்கத்துக் கார்ட் எப்போது உதவிக்கு வருகிறார் என்று பாருங்கள். அதற்குப் பிறகு வந்து சண்டை பிடியுங்கள், நாங்களும் வாறம்.