ஜாடிக்கேற்ற மூடி, கம்புக்கேற்ற ரீல்



மளிகைக் கடைக்கும் மீன்பிடி ரீலுக்கும் என்ன சம்பந்தம் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கடலோரத்திலும் அணைக்கட்டுப் பக்கத்திலும் கடை வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கயிறும் விளக்குத் திரியும் தொங்கும் அதே ஆணியில்தான் அவர்கள் கடையில் தூண்டில் முள் பாக்கெட்டும் தங்கூஸ் நரம்பும் தொங்குகின்றன. இப்போது அந்த வரிசையில் கம்பும் ரீலும் சேர்ந்துவிட்டன. பிழைப்புக்காக மீன் பிடிப்பவர்கள் மட்டுமல்ல, விடுமுறை நாளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் இளைஞர்களும் கேட்டு வருகிறார்கள். நல்ல வியாபாரம், வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் இந்த வியாபாரத்தில் ஒரு தீய வழக்கமும் கூடவே நுழைந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

கம்பு ஒன்று, ரீல் ஒன்று, நரம்பு ஒரு சுருள், முள் ஒரு பாக்கெட், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு 'செட்' என்று விற்கிறார்கள். பொருத்தம் பார்த்துச் சேர்த்த செட் என்றால் குற்றமில்லை. விற்காமல் தேங்கிய ரீலை, விற்காமல் தேங்கிய கம்போடு கட்டித் தள்ளுவதும் சில மொத்தக் கடைகளில் நடக்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல சரக்குதான். சேர்த்தால்தான் வேலை செய்யாது. வாங்கியவர் கரையில் நின்று அவதிப்படுவார். திட்டு விழுவது தயாரித்த கம்பெனிக்கோ, கட்டிக் கொடுத்த மொத்த வியாபாரிக்கோ அல்ல. முகம் தெரிந்த சில்லறைக் கடைக்காரருக்குத்தான்.

ஜாடிக்கேற்ற மூடி என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தச் சரக்குக்கு அப்படியே பொருந்தும். கம்புக்கேற்ற ரீல் எது என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். அரை மணி நேரம் சரக்கைக் கையில் வைத்துப் பார்த்தால் போதும்.

தொங்கும் ரீலும் உட்காரும் ரீலும்

நம் கடைகளில் அதிகம் விற்பது ஸ்பின்னிங் ரீல். இது கம்புக்கு அடியில் தொங்கும். இதில் நரம்பு சுற்றிய உருளை வீசும்போது சுழலாது. நரம்பு உருளையின் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று போகும். இங்கிலாந்தில் இல்லிங்வொர்த் என்பவர் 1905ல் காப்புரிமை பெற்ற ரீல் இந்த வகையின் முன்னோடி. நரம்பு அகன்ற சுருளாகக் கழன்று வருவதால், இதற்குரிய கம்பில் ரீலுக்கு அடுத்த முதல் வளையம் பெரிதாக இருக்கும். பிறகு நுனி வரை வளையங்கள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும்.

இரண்டாவது, காஸ்டிங் ரீல். இது கம்பின் மேல் உட்காரும். இதில் உருளையே சுழன்று நரம்பை விடும். நரம்பு நேராகப் போவதால் இதற்குரிய கம்பில் வளையங்கள் சிறியவை. பெரும்பாலான காஸ்டிங் கம்புகளில் ரீல் பூட்டும் இடத்துக்கு அடியில் விரல் மாட்டிக்கொள்ளத் துப்பாக்கி விசை போன்ற ஒரு கொக்கியும் இருக்கும்.

இந்த இரண்டையும் மாற்றிப் பூட்டினால் என்ன ஆகும்? காஸ்டிங் கம்பில் ஸ்பின்னிங் ரீலை மாட்டினால், அகன்று வரும் நரம்புச் சுருள் சின்ன வளையத்தில் போய் அடித்து உராயும். தூரம் போகாது. ஸ்பின்னிங் கம்பின் மேல் காஸ்டிங் ரீலை வைத்தால் விரலுக்குப் பிடிப்பு இராது. ரீல் கையில் புரளும். ரீலின் பாதம் கம்பில் பூட்டிக்கொள்கிறது என்பதால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று நினைப்பது தவறு. பூட்டு பொருந்துவது வேறு, தொழில் பொருந்துவது வேறு.

விசையைக் கட்டைவிரலால் அழுத்தி வீசும் மூடிய முகப்பு ரீல் ஒன்றும் உண்டு. சிறுவர்களும் புதிதாகப் பழகுபவர்களும் விரும்புவது. அதுவும் கம்பின் மேல் உட்காருவதுதான்; காஸ்டிங் கம்போடு கொடுக்கவேண்டும். மலைப்பகுதி டிரவுட் மீனுக்குப் பயன்படும் ஃப்ளை ரீல் தனி ஜாதி. அதன் கம்பிலும் நரம்பிலும் ரீலிலும் போட்டிருக்கும் எண்கள் ஒத்துப்போக வேண்டும். அதை மற்ற கம்போடு சேர்க்கவே கூடாது.

எண்ணைப் படிக்கப் பழகுவோம்

வகை பொருந்தினால் போதாது, அளவும் பொருந்த வேண்டும். ஸ்பின்னிங் ரீலில் 1000, 2500, 4000, 8000 என்று எண் போட்டிருப்பார்கள். எண் கூடக் கூட ரீல் பெரிது, கனம் அதிகம், கொள்ளும் நரம்பும் அதிகம். கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறுமே தவிர முறை இதுதான். உருளையில் 0.30/150 என்று இருந்தால் 0.30 மில்லிமீட்டர் கனமுள்ள நரம்பு 150 மீட்டர் பிடிக்கும் என்று பொருள்.

கம்பின் அடிப்பாகத்திலும் எழுத்து இருக்கும். எத்தனை அடி நீளம், எத்தனை கிராம் எடையை வீசலாம், எத்தனை பவுண்டு நரம்பு போடலாம் என்ற மூன்றும் பெரும்பாலும் அதில் உண்டு. ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். 10 பவுண்டு நரம்பு என்றால் நாலரைக் கிலோ இழுவை தாங்கும் நரம்பு. அரிசி மூட்டையில் ரகமும் எடையும் பார்த்து வாங்கும் நமக்கு இதைப் படிப்பது பெரிய காரியமல்ல.

இதில் நரம்புதான் நடுவர். கம்பில் எழுதிய நரம்பும் ரீல் கொள்ளும் நரம்பும் ஒன்றாக இருந்தால் ஜோடி சரி. லேசான கம்பில் பெரிய ரீலைப் பூட்டி, 20 கிலோ தாங்கும் பின்னல் நரம்பைச் சுற்றி, ரீலின் பிடிப்பையும் இறுக்கிவிட்டால், பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறாது, கம்புதான் முறியும். வாங்கியவர் 'மட்டமான கம்பு' என்று சொல்லிக்கொண்டு வருவார். நரம்பின் தாங்கும் சக்தியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் ரீலின் பிடிப்பு இருக்கவேண்டும் என்பதையும் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அனுபவத்தில் சிறிய கடைக்கு மூன்று ஜோடிகள் போதும். ஏரி, குளத்தில் ஜிலேபி, கெண்டை பிடிக்க 6 முதல் 7 அடி லேசான கம்பு, 1000 முதல் 2500 வரையுள்ள ரீல். கழிமுகத்தில் கொடுவாய்க்கும் குளத்து விராலுக்கும் 7 முதல் 8 அடி நடுத்தரக் கம்பு, 3000 அல்லது 4000 ரீல். கடற்கரையில் நின்று தூரமாக வீச 10 முதல் 12 அடிக் கம்பு, 6000 முதல் 8000 வரையுள்ள ரீல். எல்லா அளவிலும் ஒவ்வொன்று வாங்கி முதலை முடக்குவதைவிட, இந்த மூன்றையும் ஜோடியாகவே வாங்கி ஜோடியாகவே விற்பது நல்லது.

இன்னொரு சோதனை தராசு பிடித்த கைக்கு உடனே புரியும். கம்பில் ரீலைப் பூட்டி, ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலை வைத்துத் தூக்கிப் பாருங்கள். தராசு முள் போல ஏறக்குறைய நேராக நின்றால் பொருத்தம். ரீல் பக்கம் கீழே சாய்ந்தால் ரீல் பெரிது. நுனி மிகவும் தாழ்ந்தால் ரீல் சிறிது. மிக நீளமான கடற்கரைக் கம்பில் மட்டும் நுனி கொஞ்சம் தாழத்தான் செய்யும். வாடிக்கையாளர் எதிரிலேயே இதைச் செய்து காட்டினால் அவருக்கும் நம்பிக்கை பிறக்கும்.

கேட்டு விற்போம்

வந்தவுடன் விலையைச் சொல்லாமல் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எங்கே வீசப் போகிறீர்கள்? என்ன மீன்? கையில் ஏற்கெனவே கம்பு இருக்கிறதா? மூன்றாவது கேள்வி முக்கியம். வீட்டில் கம்பு இருந்தால் அதை எடுத்து வரச் சொல்லுங்கள். அன்றைய வியாபாரம் நாளைக்குத் தள்ளிப் போகலாம், போனால் போகட்டும். கடல் என்று சொன்னால் உப்பு நீருக்குத் தாங்கும் ரீலைக் காட்டி, பயன்படுத்திய பின் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள்.

'கேட்டதைக் கொடுப்பதுதானே வியாபாரம், வாத்தியார் வேலை நமக்கெதற்கு' என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. பருப்பும் சர்க்கரையும் விற்கும்போது அது சரி; வாங்குபவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். முதன்முறை ரீல் வாங்க வருபவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர் கேட்டதை அப்படியே கொடுப்பது, தெரிந்தே அவரைக் குழியில் தள்ளுவதாகும்.

இன்று கைப்பேசியில் படம் பார்த்து வாங்கினால் வீட்டு வாசலுக்குச் சரக்கு வந்துவிடுகிறது. விலையில் அவர்களோடு போட்டி போட நம்மால் முடியாது. ஆனால் கையில் தூக்கிப் பார்த்து, நம் ஊர்த் தண்ணீரையும் மீனையும் சொல்லி ஜோடி சேர்த்துக் கொடுக்க அவர்களால் முடியாது. நம்மிடம் மிச்சமிருக்கும் பலம் இதுதான். பொருந்தாத செட்டை விற்று அதையும் நாமே கெடுத்துக்கொள்ளலாமா?

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விடுவது முறையற்ற வணிகம். பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ஆகவே இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை மூன்றும் இல்லாத உறையைச் சில்லறை வியாபாரிகள் வாங்கவே வேண்டாம். குறை வந்தால் யாரிடம் போவது?

மொத்த வியாபாரிகளுக்கு

எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்குத்தான் பொறுப்பு அதிகம். கம்பு வேண்டுமானால் இந்த ரீலும் எடுக்க வேண்டும் என்று சில்லறைக் கடைக்காரரை நிர்ப்பந்திப்பதை விட்டுவிட வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு கட்டிலும், எந்தக் கம்புக்கு எந்த ரீல், எந்த நரம்பு என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டு வைக்கலாம், காகிதச் செலவுதான். உறை கசங்காத சரக்கைக் குறிப்பிட்ட நாளுக்குள் மாற்றிக் கொடுக்கவும் முன்வர வேண்டும். தேங்கிய சரக்கைத் தனியாகத் தள்ளுபடி விலைக்கு, காரணம் சொல்லி விற்றால் அதில் அவமானம் இல்லை. நல்ல கம்போடு கட்டி ஒளித்து விற்பதில்தான் அவமானம்.

இந்த மாத இறுதிக்குள் நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கடையில் தொங்கும் செட்டுகளை ஒருமுறை இறக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டுகிறோம். பொருந்தியவை தொங்கட்டும். பொருந்தாதவற்றைப் பிரித்து, சரியான ஜோடியோடு சேருங்கள். ஜோடி கிடைக்காத ரீலை அதை அனுப்பிய மொத்தக் கடைக்கே திருப்பி அனுப்பி மாற்றிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கொடுப்பது எங்கள் கடமை.